ஊதாத விசில்

உங்கள் தெருவுக்கு விசில் வந்துவிட்டதா? வரவில்லையென்றால் வருத்தப்படாதீர்கள், அரசாங்கம் யாரையும் மறக்காது. ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குத் தொண்ணூற்றாறிலேயே வந்தது. 'இல்லற நல்லிணக்க மேம்பாட்டு முன்னோடித் திட்டம்' என்று பெயர். புருஷன் கையை ஓங்கினால் பெண்டாட்டி கழுத்தில் தொங்கும் விசிலை ஊத வேண்டும். ஊதினால் தெருப் பெண்களெல்லாம் அந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். நின்றால் போதும். பேசக் கூடாது என்பது விதி எண் நான்கு.

எட்டாம் வகுப்பு படித்த குற்றத்துக்காக என்னைத் தெருப் பொறுப்பாளர் ஆக்கி, ஒரு பதிவேட்டையும் கையில் கொடுத்தார்கள்.

முதல் வாரமே எதிர்வீட்டு இசக்கியம்மா ஊதினாள். பதினெட்டுப் பேர் போய் நின்றோம். ஒருத்தி கையில் கரண்டி, ஒருத்தி கையில் விளக்குமாறு, செல்வமணி கையில் பாதி அறுத்த மீன். இசக்கியம்மாவின் புருஷன் சொரிமுத்து, ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தான்.

"எல்லாரும் எதுக்கு வந்திருக்கிய?"

விதி நான்கின்படி யாரும் வாய் திறக்கவில்லை. கால் மணி நேரம் பொறுத்து, "காப்பி குடிக்கியளா?" என்றான். அதற்கும் நாங்கள் பேசவில்லை.

அன்றோடு தெருவில் ஒரு கையும் ஓங்கவில்லை. இசக்கியம்மா ஆறு மாதம் நிம்மதியாக உறங்கினாள்.

ஆறாம் மாதம் திட்ட அலுவலர் சிவசண்முகம் ஆய்வுக்கு வந்தார். பதிவேட்டைப் புரட்டினார்.

"என்னம்மா, ஒரே ஒரு நிகழ்வுதான் இருக்கு?"

"அதுக்குப் பொறவு யாரும் அடிக்கல சார்."

"அப்போ விசில் பயன்படலை. பயன்படாத தளவாடத்தைத் திரும்ப வாங்கணும்னு சுற்றறிக்கை."

இசக்கியம்மா கழுத்து விசிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "சார், இது கெடக்கதாலதான அவுக சும்மா இருக்காவ. கழட்டுனா இன்னைக்கே தொடங்கிருவாவ."

"தொடங்கட்டும்மா. தொடங்கினா முறைப்படி மனுக் கொடுங்க. அடுத்த நிதியாண்டுல பரிசீலிப்போம்."

அவள் முகத்தைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்துவிட்டது. "சரி, இந்தக் காலாண்டுக்கு ஒரேயொரு நிகழ்வு காட்டுங்க. ஒரு வருசம் நீட்டிச்சுத் தாரேன்."

சொரிமுத்துவைக் கூப்பிட்டோம். "வே, லேசா கையை ஓங்கும். அரசாங்கக் காரியம்" என்றார் அலுவலர்.

"நான் மாட்டேன் சார். பதினெட்டுப் பேரும் வந்து நிப்பாளுவ."

ஐயம்பெருமாள் அண்ணாச்சியைக் கேட்டால் தோள்பட்டையில் பிடிப்பு. பேச்சிராஜுக்கு அப்போதுதான் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஞாபகம் வந்தது. ஊர் முழுக்கத் தேடியும் அடிக்க ஓர் ஆண்பிள்ளை அகப்படவில்லை.

அலுவலர் பொறுமை இழந்தார். "கையை ஓங்கக்கூடவா வே தெரியாது? இந்தா, இப்படி" என்று இசக்கியம்மாவுக்கு நேராக ஓங்கிக் காட்டினார். நன்றாகப் பழகிய கை. ஓங்கிய வேகத்தில் கடிகாரம் முழங்கைக்கு ஏறிவிட்டது.

இசக்கியம்மா ஊதினாள்.

பதினெட்டுப் பேரும் அவரைச் சுற்றி நின்றோம்.

"இது செய்முறை விளக்கம்மா" என்றார். விதி எண் நான்கு. "யாராவது பேசுங்களேன்" என்றார். யாரும் பேசவில்லை.

நான் பதிவேட்டில் எழுதினேன்: 'நிகழ்வு இரண்டு. கை ஓங்கியவர்: திட்ட அலுவலர். விளைவு: கை இறங்கியது.'

அவர் படித்தார், கூட்டத்தைப் பார்த்தார். வேறு நிகழ்வு கிடையாது. நாங்கள் நகர்வதாகவும் இல்லை. கையெழுத்துப் போட்டு, விசில்களை ஒரு வருசம் நீட்டித்துவிட்டு ஜீப்பில் ஏறினார். இசக்கியம்மா தெருவெல்லாம் சீனி கொடுத்தாள்.

அந்தப் பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். என் நாலு வயது மகள், மறுநாளைக்கு ஆட்டி வைத்திருந்த மாவு முழுவதையும் தரையில் கொட்டி யானை வரைந்திருந்தாள். பொறுப்பாளர் கை தன்னால் மேலே போனது. இந்தத் திட்டத்தில் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு கிடையாது.

அவள் அழவில்லை. என் கழுத்தில் தொங்கியதைப் பார்த்துவிட்டு, மாவுக் கையைப் பைய நீட்டினாள்.

"யம்மா, அந்த விசில எங்கிட்ட தாயேன்."