அடுத்தவர் மூச்சை விடுகிறவர்

ஆஸ்பத்திரிகளில் ஒரு வகைப் பிராணி உண்டு. அதற்கு நோய் கிடையாது, வைத்தியமும் தெரியாது. நோயாளியின் தலைமாட்டில் நின்றுகொண்டு, அவர் பேச வேண்டியதைப் பேசி, அவர் முனக வேண்டியதை முனகி, சமயம் வாய்த்தால் அவர் விட வேண்டிய மூச்சையும் தானே விட்டுவிடும். எல்லாம் பாசத்தினால்தான். பாசம் இல்லாதவர்களைச் சமாளித்துவிடலாம். இவரை என்ன செய்வீர்கள்?

நான் பார்த்த மாதிரிகளிலேயே முதல்தரமானவர் கிட்வாய் நகர் சேஷன். மத்திய சர்க்கார் அதிகாரி. அவருடைய மைத்துனி ஜலஜா ஜனக்புரியில் ஒரு வங்கியில் வேலை பார்த்தவள். ஆட்டோ கவிழ்ந்து கழுத்தில் தண்டுவடம் அடிபட்டதில், கைகளில் பலம் போயிற்று; மார்புக்குக் கீழே அசைவும் போயிற்று, உணர்வும் போயிற்று. எனக்கு முதுகில் அடி. ஆகவே தில்லி ஆஸ்பத்திரி ஒன்றில், மூச்சுப் பரிசோதனை அறையின் வாசலில், இரண்டு சக்கர நாற்காலிகளாக நாங்கள் அறிமுகமானோம்.

எங்களைப் போன்றவர்களுக்கு நுரையீரல் நன்றாகத்தான் இருக்கும். அதை விரித்துச் சுருக்குகிற தசைகள்தான் வேலைநிறுத்தம் செய்துவிடும். அதனால் மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, ஊதச் சொல்லி அளப்பார்கள். ஊத முடிந்தால் இரும முடியும். இரும முடிந்தால் சளி கட்டாது. நம்பி வீட்டுக்கு அனுப்பலாம். ஜலஜாவுக்கோ மகளின் பிளஸ் டூ பரீட்சைக்கு முன்னால் வீட்டுக்குப் போயாக வேண்டும்.

பரிசோதனை செய்கிறவர் நாகர்கோவில் சிஸ்டர் வினோலியா.

"ராத்திரி மூச்சு முட்டிச்சாக்கா?" என்பார் ஜலஜாவிடம்.

"இல்லை சிஸ்டர், நன்னாத் தூங்கினோம். கார்த்தால மோஷனும் போயிடுத்து" என்பார் சேஷன்.

தூங்கினோமாம்! ஜலஜா கூரையைப் பார்ப்பாள்.

குழாயை வாயில் வைத்ததும் சேஷனைப் பார்க்க வேண்டுமே. "ஊது, ஊது! ஜோர் ஸே! விடாதே, இன்னும் இருக்கு, எனக்குத் தெரியும்!" என்று முஷ்டியை மடக்கி, கண்ணைப் பிதுக்கி, கன்னம் இரண்டையும் பூரியாக உப்பவைத்து அவரே ஊதித் தள்ளுவார். இயந்திரத்தில் அவர் பெயர் இல்லாததுதான் குறை.

வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவாக வேண்டிய நாள் வந்தது. ஜலஜா ஊதினாள். சிஸ்டரின் முகம் சுருங்கியது. மறுபடி ஊதினாள். இன்னும் மோசம்.

"போன மாசத்தை விடக் குறையுதே அக்கா. டாக்டர் பாத்தா வீட்டுக்கு விட மாட்டாரே."

ஜலஜாவின் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக் கை எழும்பவில்லை. சேஷன் கைக்குட்டையால் ஒற்றியெடுத்துக்கொண்டே, "நான் அப்பவே சொன்னேன், அவசரப்படாதேன்னு" என்றார்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தாள். "சிஸ்டர், என் வயித்துல பெல்ட் இருக்கா பாருங்கோ. இருந்தாலும் போனாலும் எனக்குத் தெரியாது."

சிஸ்டர் சால்வையை விலக்கினார். வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலமான பெல்ட் அவிழ்ந்து மடியில் கிடந்தது. உட்கார்ந்திருக்கும்போது எங்கள் வயிறு தொளதொளவென்று முன்னால் சரிந்துவிடும். அதை இறுக்கிப் பிடித்தால்தான் மூச்சு முழுசாக வரும்.

"யாரு சார் இத அவுத்தது?"

"நான்தான். இப்படி மூட்டை கட்டற மாதிரிக் கட்டினா மூச்சு எங்கேர்ந்து வரும்? பாவம், இறுக்கமா இருக்குமேன்னு..."

"இறுக்கமா இருக்குன்னு நான் சொன்னேனா அத்திம்பேர்?"

"நீ சொல்ல மாட்டே. எனக்குத் தெரியாதா?"

பதில் எப்படி? கல்வெட்டில் பொறிக்கலாம்.

சிஸ்டர் அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, பெல்ட்டை இறுக்கிக் கட்டினார். மனுஷர் அடங்கினாரா? கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி, உள்ளே அவள் ஊத ஊத, வெளியே இவர் ஊதினார். சத்தமில்லாமல், உயிரைக் கொடுத்து ஊதினார். சற்று நேரத்தில் தலை சுற்றி, என் பக்கத்து பெஞ்சில் சரிந்தார்.

வார்டு ஆள் ஓடிவந்து, "க்யா ஹுவா ஸாப்?" என்று அவரை உலுக்கினான்.

"ஒன்றுமில்லை, நாங்கள் சௌக்கியம்" என்று இந்தியில் நான் பதில் சொன்னேன். சொல்லிப் பார்த்தபோதுதான் அதில் எவ்வளவு சுகம் இருக்கிறது என்பது எனக்கும் புரிந்தது.

கதவு திறந்தது. ஜலஜா போன மாதத்தைத் தாண்டியிருந்தாள். "ஒத்த மூச்சுல அடிச்சுட்டாங்க சார்!" என்றார் சிஸ்டர். பெஞ்சில் கிடந்த சேஷனைப் பார்த்து ஜலஜா சிரித்தாள். "உங்க மூச்சு நன்னா இருக்கு அத்திம்பேர். அதை நீங்களே வெச்சுக்கோங்கோ." சேஷன் கைக்குட்டையை எடுத்தார், இந்தத் தடவை அவருடைய கண்ணுக்கே தேவைப்பட்டது.

அந்த வாரமே அவள் வீட்டுக்குப் போனாள். வழியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நிறுத்தி, காப்பிப்பொடியில் எவ்வளவு சிக்கரி என்பதைத் தானே சொல்லி வாங்கப்போவதாகவும், அதுவரை அத்திம்பேர் வாயைத் திறக்கக் கூடாது என்றும் நிபந்தனை. அவர் ஒப்புக்கொண்டார். காப்பாற்றியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

இதைப் படித்துவிட்டு, உங்கள் உறவில் இப்படி யார் யார் என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள். எண்ணுங்கள். நடுவில் ஒரு சின்னக் கேள்வி. சென்ற வாரம் என்னைப் பார்க்க வந்தீர்கள் அல்லவா? என் நாற்காலியைத் தள்ளிக்கொண்டிருந்தவரிடம், "இவர் டீயில் சர்க்கரை போடலாமா?" என்று கேட்டீர்கள்.

எனக்கு இரண்டு ஸ்பூன்.