நான்ஸ்டாப் நைனாவும் திருப்பிப் போட்ட சக்கரமும்

என் நாற்பத்தெட்டாவது வயதில், பிரேக்கே இல்லாத ஒரு சைக்கிளை, அதன் பச்சை நிறம் நன்றாக இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக வாங்கினேன். இதை என் மனைவியிடம் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. அவளிடம் சொன்ன காரணம் தொப்பை.

அதன் விலைச்சீட்டில் 'ஃபிக்ஸ்டு கியர்' என்று எழுதியிருந்தது. ஒருமுறை பொருத்திவிட்டால் அப்புறம் தொல்லையே இல்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் வண்டி டிக் டிக்கென்று தானாக உருளும். இதில் அந்தச் சலுகை கிடையாது. சக்கரம் சுற்றும் வரை பெடல் சுற்றும்; பெடல் சுற்றும் வரை காலும் சுற்றியே ஆகவேண்டும். இந்த ஞானம் எனக்குக் கும்மிடிப்பூண்டி மேம்பாலத்து இறக்கத்தில், 'அப்பாடா' என்று காலுக்கு ஓய்வு கொடுத்த நொடியில் கிட்டியது. பெடல் என்னைத் தூக்கி எறிந்தது. பாலத்தடியில் குவித்திருந்த இளநீர் மேல் போய் விழுந்தேன்.

ஓடி வந்த ஒருவர் என்னைத் தாண்டிப் போய், வண்டியைத் தூக்கி நிறுத்தி, அதன் பின்சக்கரத்தைத் தடவிக் கொடுத்தார்.

"இன்னா சார், தங்கமான வண்டி. அத்தப் போயி நிறுத்தப் பாக்கறியே?"

அவர்தான் நான்ஸ்டாப் நைனா. மெரினாவிலிருந்து ஆந்திர எல்லை வரை சலித்தாலும், சும்மா உருளுவதை அவரளவுக்கு வெறுத்த இன்னொரு மனிதர் கிடைக்கமாட்டார். நான் வேலை பார்க்கும் அதே கம்பி ஆலையில் அவர் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். நான் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. கம்பி சொன்ன அளவில்தான் இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவது என் உத்தியோகம். இந்த விவரத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னை அவமானப்படுத்த உதவும்.

நைனா தன்னுடைய பழைய இரும்பு சைக்கிளில், மிதிக்காமலே உருளவிடும் ஃப்ரீவீலை வெல்டு வைத்து இறுக்கி, நிற்காத வண்டியாக மாற்றி வைத்திருந்தார். எளாவூரில் அவர் வீடு. நெடுஞ்சாலையில் லாரிகள் நெருக்குமென்று, இருபது வருடமாக ஏரிக்கரை மண்பாதையிலேயே ஆலைக்கு வந்து போனார். எப்போதும் தனியாக. டீக்கடையில் கால் ஊன்றமாட்டார். சைக்கிளில் உட்கார்ந்தபடி முன்னும் பின்னும் அரையடி ஆடிக்கொண்டே குடிப்பார். பாதி டீ அவருக்கு, பாதி சட்டைக்கு. ஒருமுறை சென்னை போனவர், எஸ்கலேட்டரில் நின்றுகொண்டிருந்த ஜனங்களை "ஃப்ரீவீல் பசங்களா" என்று திட்டியபடியே ஏறிப் போனாராம்.

"மிதிக்காம போற வண்டி இன்னா வண்டி சார்? ஆளு வேலை செய்யாமயே அட்டென்டன்ஸ் போட்டா மாரி கீது" என்பார். பெடலைப் போலவே வாயும் நிற்காது.

என் வண்டியை மண்பாதைக்குத் தோதாக மாற்றித் தருவதாக அவரே ஏற்றுக்கொண்டார். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஊசி மாதிரி இருந்த டயரைக் கழற்றி, ஃபோர்க்கில் நுழையும் அளவுக்கு அகலமான டயர் தேடினார். இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், இடித்தது. பின்பக்க இரும்பை ஜாக்கி வைத்து மெல்ல விரித்தார்.

"இரும்பு கோச்சிக்காது சார். சொன்னா வளையும். அலுமினியம்னா இந்நேரம் ஒடைஞ்சி உன்னியும் என்னியும் திட்டியிருக்கும்."

பின்சக்கரத்தில் செயின் ஓடும் ஸ்ப்ராக்கெட்டை, பல் அதிகமுள்ளதாகப் பார்த்து மாட்டினார். மேட்டில் மூச்சு வாங்காமல் மிதிக்கலாமாம். பால்காரர் ஒருவரின் அகல ஹேண்டில்பார் வந்தது. முன்னால் ஒரு பிரேக், "அது உன் சம்சாரத்துக்காவ" என்ற குறிப்போடு. கால் நழுவாதிருக்க, கன்வேயர் பெல்ட் ரப்பரை அறுத்துப் பெடலுக்கு வார்.

பின்சக்கரத்தில் ஒரு விசேஷம் இருந்தது. ஒரு பக்கம் நிற்காத பல். மறுபக்கம் சாதா ஃப்ரீவீல். சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டால் வண்டியின் குணமே மாறிவிடும். நைனா ஃப்ரீவீல் பக்கத்தை விரலால்கூடத் தொடவில்லை. "இந்தப் பக்கம் புண்ணியம் சார். அந்தப் பக்கம் பாவம். திருப்பிடாத."

வினை டீக்கடையில் வந்தது. ஏரிக்கரை முடிவில், மதகுக்குப் பக்கத்தில் செங்குத்தாக ஒரு சரளைச் சறுக்கல் இருக்கிறது. எங்கள் ஃபோர்மேன் தாமஸ் சொன்னார்: "அதுல நீ எறங்குவ நைனா. நீ பைத்தியம். மனுசன் எவனாச்சும் இந்த வண்டில எறங்குவானா?"

நைனாவின் ஆடும் சைக்கிள் ஒரு கணம் நின்றது. "இதோ, சாரு எறங்குவாரு. இவராலயே முடியும்னா யாரால முடியாது?"

பாராட்டா என்று நான் யோசிப்பதற்குள் தாமஸ் வாக்குக் கொடுத்துவிட்டார். சார் இறங்கிவிட்டால், தாமஸும் ஷிஃப்டில் இன்னும் நாலு பேரும் தங்கள் சைக்கிள்களை நைனாவிடம் மாற்றக் கொடுப்பார்கள். அப்புறம் தினமும் ஏரிக்கரையில் கூட்டமாகவே வருவார்கள். நைனா சட்டைக்குப் பங்கு வைக்காமல் டீ முழுவதையும் குடித்து முடித்தார். அப்படி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் மட்டும் சொன்னார்: "பேச்சுத் துணைக்கு ஒரு ஆளு வந்தாலே போதும் சார். இருவது வருசமா கொக்குகிட்டதான் பேசிக்கினு போறேன்."

ஒரு வாரம் பழகினேன். சறுக்கலில் நாலு தடவை விழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, என் வீட்டுப் பின்கட்டில், ஸ்பானரை எடுத்துச் சக்கரத்தைத் திருப்பிப் போட்டேன். டிக் டிக் சத்தம் காட்டிக்கொடுக்காதிருக்க, ஃப்ரீவீலுக்குள் கிரீஸை அப்பினேன். கையெழுத்துப் போடும் அதே கை.

கரையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். வண்டியைச் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது நைனா பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். "காத்து பாத்தேன் சார்" என்று எழுந்தார்.

இறங்கினேன். சக்கரம் அதுபாட்டுக்கு உருண்டது. நான் ஊருக்காகக் காலை மட்டும் சுற்றிக்கொண்டே போனேன். பிரேக்கை ரகசியமாக அழுத்தினேன். கீழே ஒரு மாட்டைத் தவிர எதன் மீதும் மோதவில்லை. அதுவும் மெதுவாகத்தான். தாமஸ் விசிலடித்தார்.

நைனா நிதானமாக இறங்கி வந்தார். "காலு வலிக்குதா சார்?"

"இல்ல நைனா."

"வலிக்காது."

தாமஸ் அவர் தோளில் கை போட்டார். "ஒத்துக்கறேன் நைனா. எங்க வண்டிங்களயும் மாத்திக் குடு."

"வாணாம் தாமஸு. சாருக்கு ஏதோ அதிர்ஷ்டம். நீங்கோ வுளுந்து வச்சா ஊட்ல இருக்கறவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயித்தவன் தன் பரிசை வேண்டாமென்கிறானே, முழுப் பைத்தியம்தான் என்றார் தாமஸ். நான் அப்போது வாயைத் திறந்திருக்கலாம். "இல்லை, நான் ஏமாற்றினேன், நைனா பைத்தியம் இல்லை, இன்னொரு வாரம் கொடுங்கள்" என்று மூன்று சொற்றொடர். திறக்கவில்லை. மறுநாளிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போனேன். ஜன்னல் வழியே, தூரத்தில், ஏரிக்கரையில் ஒரே ஒரு சைக்கிள் தெரியும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

எட்டு மாதம் பார்த்துக்கொண்டேன். ஒன்பதாவது மாதம், மழை தொடங்குமுன், ஒரு மத்தியானம் நைனா தூக்கத்திலேயே போய்விட்டார். எதிலும் நிற்காத மனிதர், நெஞ்சு நின்று.

காரியம் முடிந்தபின் எளாவூர் போனேன். அவர் மனைவி டீ கொடுத்தார். சுவரோரம் அந்த இரும்பு சைக்கிள். நான் "அம்மா, அன்னிக்கு ஏரிக்கரையில ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"சக்கரத்தைத் திருப்பிப் போட்டுகினு வந்தீங்களே, அதானே சார்? அன்னிக்கே சொன்னாரு. 'திருப்பிப் போட்டதுகூடப் பரவால்ல, நட்டை ஒயுங்கா முறுக்கத் தெரில அந்த மனுசனுக்கு. எறக்கத்துல சக்கரம் கயண்டுகினு போயிருக்கும். நான்தான் டைட் பண்ணி வுட்டேன்'னாரு." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "நீங்க குவாலிட்டிலதானே வேலை செய்றீங்கோ?"

இப்போது மறுபடியும் ஏரிக்கரையில்தான் போகிறேன். கொக்குகளிடம் பேச எனக்கு வரவில்லை. சக்கரத்தைப் புண்ணியத்தின் பக்கம் திருப்பிவிடவேண்டுமென்று பலமுறை ஸ்பானரோடு உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு நைனா தன் கையால் முறுக்கிய நட்டைக் கழற்றவேண்டும். மனம் வரவில்லை. சென்ற வாரம் டீக்கடையில் முதல்முறையாக எல்லாவற்றையும் தாமஸிடம் சொன்னேன். கழற்ற முடியாத அந்த நட்டைப் பற்றியும், குரல் கொஞ்சம் கரகரக்க.

தாமஸ் குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நட்டைப் பார்த்தார்.

"மனசு ஒண்ணும் இல்ல சார். துரு புடிச்சிகினு கீது. கொஞ்சம் மண்ணெண்ண வுடுங்கோ."