புளி போட்டுத் தேய்த்த ஜெர்மன் கேமரா

கடத்தூர்,
ஆயுத பூஜை முடிந்த வாரம்.

பெங்களூரில் சீரும் சிறப்புமாக இருக்கும் அன்பு மாப்பிள்ளை கதிரவன் அவர்களுக்கு, மாமனார் மாதையன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அத்தை, கறவை மாடு எல்லோரும் நலம். உங்கள் நலமும் பாப்பா தேவிப்பிரியாவின் நலமும் அறிய ஆவல். மழை பரவாயில்லை. இதை வாட்ஸாப்பிலேயே அனுப்பியிருக்கலாம், ஆனால் உங்கள் போனைப் பாப்பா எடுத்துப் பார்க்கும் என்று அதுவே சொல்லியிருக்கிறது, இதில் அதன் அம்மாவைப் பற்றிய சங்கதியும் இருக்கிறது. தவிர, பால் சொசைட்டியில் செயலாளராக இருந்த காலமெல்லாம் விளக்கக் கடிதம் எழுதியே பழகிவிட்டேன், விரலால் தட்டினால் எனக்கு விளக்கம் வராது.

விஷயம் இதுதான். தலை தீபாவளிக்கு நீங்கள் வரும்போது சீர்த்தட்டில் ஒரு பழைய ஜெர்மன் கேமரா இருக்கும். பார்த்தால் போலி மாதிரி தெரியும். ஆனால் அது அசல். தட்டை வாங்கும்போது உங்கள் முகம் மாறிவிடக் கூடாதே என்றுதான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

நீங்கள் பழைய கேமரா சேர்க்கிறவர், மோதிரத்தைவிட அதுதான் உங்களுக்குப் பிடிக்கும் என்று பாப்பா ஆடி மாதமே சொல்லிவிட்டது. கல்யாணத்தில் உங்களுக்குச் செய்ததெல்லாம் என் அண்ணன் முடிவு செய்தது, வாட்ச் என் மச்சான் பார்த்து வாங்கியது, அது நின்றுபோனதாகவும் கேள்வி. நானாகத் தேடி, நானாகப் பார்த்து உங்கள் கையில் ஒன்று கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. அதனால் சாப்பிடும்போதும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் போனில் அசல் கேமராவுக்கும் போலிக்கும் வித்தியாசம் சொல்லும் வீடியோக்களைப் பார்த்து, பார்த்ததை உங்கள் அத்தைக்கும் விளக்கிச் சொல்லி, கிட்டத்தட்டப் பரீட்சைக்கே தயாராகிவிட்டேன். தங்கம் மாதிரி மின்னினால் போலி. மேலே கழுகு படம் செதுக்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம், போலி. ரஷ்யாவில் செய்த கேமராவை வாங்கி, ஜெர்மன் பெயரைச் செதுக்கி விற்கிறார்களாம். அசலில் கருப்புப் பெயின்ட் கைபட்டுக் கைபட்டு மூலைகளில் மட்டும் தேய்ந்து பித்தளை தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, லென்ஸைக் கழற்றினால் உள்ளே தூரம் அளக்கும் ஒரு சின்னப் பாகம் இருக்கும், அது உருண்டையான சக்கரமாக இருந்தால் அசல், முக்கோணமாக இருந்தால் நகல்.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் கம்பைநல்லூரில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் மாரியப்பனிடம் போனேன். மாப்பிள்ளை, அந்த மாதிரி நேர்மையான மனிதரை இந்தக் காலத்தில் பார்க்க முடியாது. மூன்று கேமராவை எடுத்து வைத்தார். இரண்டு தங்க நிறம், கழுகு வேறு. நான் வாயைத் திறக்கும் முன்பே, “இது ரெண்டும் டூப்ளிகேட்டுங்க, உங்ககிட்டப் போய் நான் பொய் சொல்லுவேனா?” என்று அவரே ஒதுக்கி வைத்துவிட்டார். மூன்றாவது கருப்பு. மூலைகளில் மட்டும் தேய்ந்து, வீடியோவில் பார்த்தது அப்படியே. சித்தேரி மலையில் இருந்த வெள்ளைக்கார ஃபாரஸ்ட் அதிகாரியுடையதாம். லென்ஸைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். இத்தனை வருஷம் மூடியிருந்ததைத் திறந்தால் உள்ளே காற்றுப் பட்டு பவர் இறங்கிவிடும் என்றார். நியாயமாகப் பட்டது. என் மொபெட்டைக் கொடுத்துவிட்டுக் கேமராவை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மொபெட் போனதில் எனக்கு வருத்தமில்லை, நடப்பது உடம்புக்கு நல்லது என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார்.

அப்புறம்தான் ஆயுத பூஜை வந்தது. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும், அரிவாள், மண்வெட்டி, மிக்ஸி வரை கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்காவிட்டால் அத்தைக்குத் தூக்கம் வராது. கேமராவும் ஆயுதம்தானே என்று நான்தான் அதையும் பூஜையில் வைக்கச் சொன்னேன், அது என் புத்தி. கடைக்குப் போய்ப் பொரிகடலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால், மாப்பிள்ளை, குத்துவிளக்குக்கும் தாம்பாளத்துக்கும் நடுவில் ஜெர்மன் கேமரா தகதகவென்று மின்னுகிறது. புளி போட்டு, சாம்பல் போட்டு, தேங்காய் நார் வைத்துத் தேய்த்திருக்கிறாள் உங்கள் அத்தை. ஒரு பொட்டுக் கருப்பு மிச்சமில்லை. நெற்றியில் குங்குமம் வேறு. அசலை அசல் என்று காட்டிக்கொண்டிருந்ததே அந்தக் கருப்புதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டால், “சீர்த்தட்டுல கருப்பேறிப் போன சாமானை வெச்சா நாலு பேரு என்னங்க சொல்லுவாங்க?” என்கிறாள்.

நான் அன்றைக்குப் பேசக் கூடாததெல்லாம் பேசிவிட்டேன். பாத்திரத்துக்கும் பொக்கிஷத்துக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்று அக்கம்பக்கம் கேட்கவே சொன்னேன். இரண்டு நாள் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் சாப்பிட்டேன், அந்தச் சாம்பாரைச் சாப்பிட்டபிறகு கோபம் தானாகக் குறைந்தது. அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவள், இந்த முறை தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். பாவம், செய்த தவறு அவளுக்கே உறைத்துவிட்டது என்று மன்னித்துவிட்டேன். நீங்களும் மன்னித்துவிடுங்கள். மின்னுகிறதே என்று நினைக்காமல், உள்ளே இருப்பது அசல் என்று என் வார்த்தையை நம்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்றபடி பாப்பாவை வேளைக்குச் சாப்பிடச் சொல்லவும். நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நீண்ட காலம் வாழக் கடத்தூர் மாரியம்மன் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமனார்,
மாதையன்.

பின்குறிப்பு: மாப்பிள்ளைங்க, நான் உங்க அத்தை தீர்த்தம்மாள் எழுதறனுங்க. உங்க மாமா கவரை ஒட்டித் தபால்ல போடச் சொல்லி எங்கிட்டக் குடுத்துட்டு மாட்டைப் புடிக்கப் போயிருக்காரு. அதான் பின்பக்கம் எழுதறேன். பூசைக்குப் பொட்டு வெக்கலாம்னு ஈரத்துணியில லேசாத் தொடச்சேனுங்க. கருப்பு அப்படியே ஷூ பாலீஷ் கணக்கா துணியோட வந்திருச்சு. அன்னாடம் அந்த வீடியோவை வூடே அதிரச் சத்தமா வெச்சாரா, எனக்கும் எல்லாம் மனப்பாடம். ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி லென்ஸைத் திருகிப் பார்த்தேன். உள்ள சக்கரம் இல்லீங்க, முக்கோணம். மொபெட்டையும் குடுத்துட்டு ஏமாந்து வந்து நிக்கறோம்னு தெரிஞ்சா உங்க மாமா ஒடஞ்சு போயிருவாரு. அதான் அவரு கடையிலிருந்து வர்றதுக்குள்ள மொத்தத்தையும் புளி போட்டுத் தேச்சுட்டேன். என்னைத் திட்டுனா அவருக்கு ரெண்டு நாள்ல ஆறிப் போயிரும், அவரை அவரே திட்டிக்கிட்டா ஆறாதுங்க. நீங்க வெவரம் தெரிஞ்சவரு, கையில வாங்குனதும் கண்டுபுடிச்சிருவீங்க. அப்ப அவரு உங்க மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டு நிப்பாரு. இவ்வளவு நல்ல கேமராவை அத்தை இப்படிப் பண்ணிட்டாங்களேன்னு, நாலு பேரு முன்னால என்னை ஒரு வார்த்தை கோவிச்சுக்குங்க, சாமி.