வழிகாட்டிக்கு வழி சொல்பவர்

உலகத்தில் வழி தெரியாதவர்களால் யாருக்கும் பெரிய தொல்லை இல்லை. எதிரில் வருகிறவரை நிறுத்திக் கேட்பார்கள், இரண்டு முறை தப்பாகத் திரும்புவார்கள், கடைசியில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். தொல்லையெல்லாம் வழி தெரிந்தவர்களால்தான். அந்த இனத்திலும் ஓர் உயர்ந்த ரகம் உண்டு. சந்து பொந்தெல்லாம் எனக்கு அத்துப்படி என்று மார்தட்டிக்கொண்டே, வழி காட்டும் ஜி.பி.எஸ். கருவிகளில் எதை வாங்கலாம் என்று மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்கிற ரகம். வழிதான் தெரியுமே, பிறகு கருவி எதற்கு என்கிறீர்களா? பொறுங்கள். அதை ஒரு கடைக்காரரே கேட்டுவிட்டார்.

நம் ஆள் ஒரு பெயிண்ட் கம்பெனியில் கொள்முதல் அதிகாரி. ஒரு பெட்டி ஆணி வாங்குவதற்கும் மூன்று இடத்தில் விலை கேட்டுப் பழகியவர். கருவி வாங்குவது என்று முடிவான நாளிலிருந்து வீட்டுச் சாப்பாட்டு மேசையின் பாதியைக் காகிதங்கள் பிடித்துக்கொண்டன. திரையின் அகலம், பேட்டரியின் ஆயுள், கண்ணாடியில் ஒட்டுகிற ரப்பரின் பிடிமானம், பேசுகிற குரல் ஆணா பெண்ணா, அந்தக் குரலில் மரியாதை இருக்கிறதா இல்லையா என்று பதினான்கு கட்டம் போட்ட ஓர் அட்டவணை. "போன்லயே வழி காட்டுதே மாமா" என்று மச்சினன் வாய் தவறிச் சொல்லிவிட்டு, அடுத்த முக்கால் மணி நேரம் செயற்கைக்கோள்களைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் வீடு போனான். ஐந்து மாதம் அவருடைய மனைவி மீதிப் பாதி மேசையில் தட்டை வைத்துச் சாப்பிட்டாள்.

ஒருவழியாக முதல் கருவி வந்தது. பிடிக்காவிட்டால் ஏழு நாளில் திருப்பித் தரலாம். அதை எந்தப் பாதையில் சோதித்தார் தெரியுமா? வீட்டிலிருந்து ஆபீஸுக்கு! பத்தொன்பது வருடமாகத் தினம் போய் வருகிற பாதை. சிக்னலில் இடது பக்கம் திரும்பச் சொன்னது கருவி. அவர் வலது பக்கம் திரும்பி, பெட்ரோல் பங்குக்குப் பின்னால் நுழைந்து, மாவு மில் சந்து வழியாக வெளியே வந்தார். "பாதை மாற்றப்படுகிறது" என்றது கருவி. அதை அவர் மன்னிப்பாக எடுத்துக்கொண்டார்.

"பாத்தியா? இதுக்கு மில் சந்தே தெரியல. இதை நம்பி எப்படிப் போறது?"

திருப்பிக் கொடுத்தாயிற்று. இரண்டாவது கருவிக்கு மில் சந்து தெரிந்திருந்தது. அவர் திரும்புவதற்கு முன்பே அது சொல்லிவிட்டது. அன்று மாலை மனிதர் சரியாகவே பேசவில்லை. எல்லாருக்கும் சந்தைக் காட்டிக் கொடுத்தால் சந்து என்னத்துக்கு ஆகும் என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது பொருமினார். அதிகப்பிரசங்கி என்று பெயர் வாங்கிக்கொண்டு அதுவும் கடைக்குப் போயிற்று.

மூன்றாவது தடவை கடைக்காரர் பெட்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு வழி தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப இது எதுக்கு சார்?"

"இதுக்குத் தெரியுதான்னு பாக்கத்தான்."

கடைக்காரர், நம் ஆளின் பக்கத்தில் நின்றிருந்த அவர் மனைவியை ஒரு தடவை பார்த்தார். "இனிமே ரிட்டர்ன் கிடையாது சார்" என்று சொல்லிப் பெட்டியைக் கொடுத்தார். அனுதாபத்தில் அவர் தந்த கூடுதல் ரப்பர் ஒன்றும் உள்ளே இருந்தது.

இதெல்லாம் வெறும் வேடிக்கையாகவே போயிருக்கும், அந்த வாரம் ஒரு கடிதம் வராமல் இருந்திருந்தால். மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். பதினோரு வருடம் அவள் கண்டுபிடித்ததற்கெல்லாம் வேறொருவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கடிதம் அவளுக்குத்தான்: ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இன்னோர் ஊரில் புதிதாகத் திறக்கும் ஆஸ்பத்திரியில் பரிசோதனைக் கூடத்துக்கே தலைமைப் பதவி. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. பத்து மணிக்குப் பின் வருகிறவர்களுக்கு அனுமதி இல்லை என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த வரியை அவள் பத்துத் தடவையாவது படித்திருப்பாள்.

"நான் பஸ்ல போயிக்கிறேங்க."

"நான் இருக்கும்போது பஸ்ஸா? அப்புறம் மெஷின் எதுக்கு வாங்கியிருக்கேன்?"

அவள் காரில் வரச் சம்மதித்துவிட்டாள். அதற்காகப் பின்னால் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஏழே முக்காலுக்குக் கிளம்பினார்கள். நெடுஞ்சாலையில் திரும்புவதற்கு இடமே இல்லாததால் கருவிக்கும் அவருக்கும் சண்டையில்லை. ஊருக்குள் நுழைந்ததும் "நேராகச் செல்லவும்" என்றது கருவி. அவர் சிரித்தார். பதினாறு வருடத்துக்கு முன்னால் ஒரு தணிக்கைக்காக இதே ஊருக்கு வந்தவராயிற்றே! சோப்புத் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு குறுக்குவழி இருக்கிறது, பத்து நிமிஷம் மிச்சம் என்று வண்டியை ஒடித்தார். சோப்புத் தொழிற்சாலை இல்லை. அந்த இடத்தில் ஏழு மாடிக் குடியிருப்பு. அதைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் ஒரு சுவர். அடுத்த தெரு வழியாகப் போனார், அங்கேயும் அதே சுவர். மூன்றாவது தெருவுக்கும் போய் அதே சுவரை இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தார். "முடிந்தால் யு-டர்ன் எடுக்கவும்" என்று கருவி பணிவோடு கெஞ்சியது.

"சுத்த முட்டாள் மெஷின்!"

வாசற்படி கழுவிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கையை நீட்டி ஏதோ சொல்ல வந்தாள். அவர் கார்க் கண்ணாடியை இறக்கவில்லை. "இவங்களக் கேட்டா தப்பாத்தான் சொல்லுவாங்க." தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றவனாவது முயலைப் பிடித்திருந்தான். இவர் பிடித்தது சுவரை.

மணி ஒன்பது முப்பத்தாறு. மனைவிக்கு ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது. பதினோரு வருடம் ஒரு சோப்புத் தொழிற்சாலைக்குப் பின்னால் தொலைந்துபோவதா? கையை நீட்டித் திரையைத் தொட்டாள். வண்டிக்குப் பதிலாக நடந்து போகிற வழி என்ன என்று கேட்டாள். சுவரை ஒட்டி ஆள் மட்டும் போகிற ஒரு சந்தைக் காட்டியது; பதினான்கு நிமிஷம். ரப்பரைப் பிடித்து இழுத்தாள். அட்டவணையில் பிடிமானத்துக்குப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் வாங்கிய ரப்பர், ஒரே இழுப்பில் கையோடு வந்தது.

"ஏய், என்ன பண்றே?"

"நடந்து போறேங்க."

"சரி, அதை வெச்சுட்டுப் போ. எனக்கு வழி..."

அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி, அவசரத்துக்கு நடுவிலும், அந்த வாக்கியம் முடிவதற்காக முழுசாக ஒரு நொடி காத்திருந்தாள்.

"உங்களுக்கு வழி?"

"தெரியும்."

"அதான் எனக்கும் தெரியுமே" என்று சொல்லிக் கருவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

ஒன்பது ஐம்பத்தொன்றுக்கு ஆஸ்பத்திரி வரவேற்பறையில் கையெழுத்துப் போட்டாள். அவர் வந்து சேர்ந்தபோது பன்னிரண்டரை. தேர்வு முடிந்து அவள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எங்கே போனார், யாரையாவது கேட்டாரா என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "இங்க பார்க்கிங்கே சரியில்ல" என்றார்.

வேலை கிடைத்துவிட்டது. இப்போது கையெழுத்துப் போடுகிறவள் அவள்தான். அவரோ வீட்டுக்கு வருகிறவர்களிடம், "சுவர் வரைக்கும் நான்தான் கொண்டுபோய் விட்டேன், அப்புறம் ரெண்டு எட்டுதான் நடக்க வேண்டியிருந்தது" என்கிறார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாது. கருவி மட்டும் இன்னும் அந்தக் கைப்பையிலேயே இருக்கிறது. திருப்பிக் கேட்பதென்றால் அன்று பாதியில் விட்ட வாக்கியத்தை முடித்தாக வேண்டும். அதற்குப் பதிலாக நாலாவது கருவிக்கு அட்டவணை போட ஆரம்பித்திருக்கிறார். காகிதங்கள் மறுபடி மேசைக்கு வந்தன. முதல் நாளே அவள் அவற்றை வாரி அவருடைய நாற்காலியில் வைத்துவிட்டு, நடு மேசையில் தட்டைப் போட்டுச் சாப்பிட்டாள்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒரு சின்னச் சந்தேகம். அவர்கள் மூன்றாவது தெருவில் சுவரைப் பார்த்து நின்றார்களே, அப்போது, "அட, முதல் தெருவிலேயே வலது பக்கம் ஒடித்திருக்க வேண்டும்" என்று உங்கள் மனசுக்குள் யாரோ சொல்லவில்லை? அந்த ஊரை நீங்கள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எதற்கும் உங்கள் வீட்டுக் கைப்பையின் மீது ஒரு கண் இருக்கட்டும்.