மாய நகரத்தின் மக்கள் தொகை

நாவல் எழுதி நாட்டுக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள், போர் முடிந்த மூன்றாம் ஆண்டில் காணாமல் போனோர் தேடல் துறை ஒரே ஒரு நாவலைக் கொண்டு ஒன்பதாயிரம் கோப்புகளை மூடிய வரலாற்றை அறியாதவர்கள்.

அந்த நாவலை எழுதியவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவள். போரில் தொலைந்தவர்கள் எல்லாரும் யார் கண்ணிலும் படாத ஒரு மாய நகரத்தில் வயதாகாமல் வாழ்கிறார்கள் என்பது கதை. அவளுடைய தம்பியும் தொலைந்தவன்தான். சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனவன் வீடு திரும்பவில்லை. ‘எங்கள் ஆட்கள் யாரையும் கொண்டுபோகவில்லை, அப்படி ஒரு பதிவேடே இல்லை’ என்று துறை பதினோரு முறை பதில் எழுதியிருந்தது. ஆகவே இயக்குநரே கூப்பிட்டனுப்பியதும் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு ஓடினாள்.

“உங்க நாவலைத் துறையே படிச்சுதும்மா,” என்றார் இயக்குநர். “நான் அழுதுட்டேன்.”

“தம்பியைப் பத்தி ஏதாவது...”

“நல்லா இருக்கார். உங்க நகரத்துலதான். மூணாவது தெரு, கிணத்தடி வீடு. நானே பார்த்து ஒதுக்கினேன்.”

“ஐயா, அது கதை. அப்படி ஒரு ஊரே கிடையாது. வரைபடத்துல பாருங்க.”

“பார்த்தோம், இல்லை. வரைபடத்துல இருந்தா அப்புறம் அது என்ன மறைஞ்ச ஊர்?”

இந்த ‘ஆதாரத்தை’ உயர்மட்டக் குழு மூன்று அமர்வுகளில் ஆராய்ந்து, தேநீர் தீர்ந்ததும் ஒருமனதாக ஏற்றிருந்தது.

“அப்ப இனிமே தேட மாட்டீங்களா?”

“இருக்கிற இடம் தெரிஞ்ச ஆளை எதுக்கும்மா தேடணும்? இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க.”

எழுத்தர் படிவத்தை நீட்டினார். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதவர் என்று துறையில் பெயரெடுத்தவர் அவர். கையெழுத்துப் போட்டால் தம்பி அவ்வளவுதான். அவள் பேனாவைத் தள்ளி வைத்துவிட்டு, அச்சகத்துப் பழக்கத்தில் வரிவரியாகப் படித்தாள். நகரத்துக்குள் நுழைந்த தேதி, மணி நாலு பத்து, ஏற்றிவந்த வண்டியின் எண், எல்லாம் இருந்தன.

“இதெல்லாம் எங்கேருந்து எடுத்தீங்க?”

“கீழ் அறை பீரோவுல பதிவேடு இருக்கேம்மா,” என்றார் எழுத்தர் அடக்கத்தோடு. “ஒன்பதாயிரம் பேருக்கும் அதைப் பார்த்துத்தான் நிரப்பினேன். கற்பனையா ஒரு எழுத்து போடலை.”

இயக்குநர் படிவத்தைப் பிடுங்கப் பார்த்தார். அவள் விடவில்லை. கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தாள்: ‘நகரத்தில் கொண்டுபோய் விட்டவர்.’ எதிரே இயக்குநரின் பெயர், போர்க்காலத்து ராணுவ முகாம் அதிகாரிப் பதவியோடு, முத்து முத்தாக எழுதியிருந்தது. அதன் கீழே, ‘அனைத்தும் உண்மை எனச் சான்றளிக்கிறேன்’ என்று இயக்குநரே குத்திய முத்திரை.