ட்ரூடிக்குக் கொடுத்த வாக்கு

"பேரு என்னன்னு சொன்ன கண்ணு? லைன் சரியில்ல போலிருக்கு" என்றாள் ராஜலக்ஷ்மி, ஈரோட்டிலிருந்து.

"ட்ரூடிம்மா" என்றான் முகிலன்.

லைன் நன்றாகத்தான் இருந்தது. அம்மாவின் முகம் மாறுவது அமெரிக்காவில், டெக்சஸின் ரவுண்ட் ராக்கில் அவன் வீட்டுச் சமையலறை வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.

"திருடியா?"

"திருடி இல்லம்மா. ட்ரூடி. ஜெர்மன் பேரு."

"எந்த ஊர்ப் பேரா இருந்தா என்ன சாமி, கூப்பிடறப்ப திருடிதானே! பொறந்து நாலு நாள் ஆன புள்ள, அது யார் வீட்ல என்னத்த எடுத்துச்சு?"

பெயரை முடிவு செய்தது முகிலன் இல்லை. அது அவன் மனைவி சண்முகப்ரியா கொடுத்த வாக்கு.

டாக்டர் சொன்ன தேதிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே, பட்டப்பகலில், தபால் எடுக்க வாசலுக்குப் போன இடத்தில் அவளுக்கு வலி வந்துவிட்டது. முகிலன் ஆபீஸ் மீட்டிங்கில் போனை சைலண்ட்டில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். தபால் வண்டியிலிருந்து குதித்து ஓடி வந்து அவளைத் தாங்கிப் பிடித்தவள் ட்ரூடி. அந்தத் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிறவள். நாற்பது வயதிருக்கும். ஐந்து தலைமுறைக்கு முன்னால் ஜெர்மனியிலிருந்து டெக்சஸுக்கு வந்த குடும்பம்.

ஆம்புலன்ஸ் வர பதினெட்டு நிமிடம் ஆனது. அதற்குள் குழந்தை ஹால் கார்ப்பெட்டின் மேலேயே பிறந்துவிட்டது. அதன் கழுத்தில் சுற்றியிருந்த தொப்புள்கொடியை, 911 அவசர உதவி ஆள் போனில் சொல்லச் சொல்ல, பதறாமல் விலக்கியவள் ட்ரூடிதான். குழந்தை வீறிட்டு அழுத பிறகு அவளும் சோபாவில் உட்கார்ந்து அழுதாள்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது சண்முகப்ரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இவளுக்கு உங்க பேரைத்தான் வைப்போம்" என்று சொல்லிவிட்டாள்.

இப்போது ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமைக்குள் பெயரை எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். அன்று செவ்வாய்.

"மிடில் நேமா வச்சுக்கலாமா?" என்று முகிலன் அம்மாவையே கேட்டுப் பார்த்தான்.

"நடுவுல வச்சா மட்டும் திருடி நல்லவளாயிருவாளா?"

மாலைக்குள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி பரவிவிட்டது. அவனுடைய பெரியப்பா ஒருவர், "சின்னத் திருடிக்கு ஆசீர்வாதங்கள்" என்று பூங்கொத்துப் படத்தோடு அனுப்பியிருந்தார். கிண்டல் இல்லை. அவர் மனதார அனுப்பியதுதான்.

புதன்கிழமை காலையில் முகிலன் ஒரு வழி கண்டுபிடித்தான். ட்ரூடி என்பது கூப்பிடுகிற பெயர். முழுப் பெயர் கெர்ட்ரூட். அதையே எழுதிவிட்டால்?

அம்மா போனில் மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். "கெருட்டு... கேரட்டு... ஏன் கண்ணு, காய்கறிப் பேரெல்லாம் வேண்டாம்."

பிறகு மடிக்கணினியைத் திறந்து, பெண் குழந்தைகளுக்கான ஜெர்மன் பெயர்களையும் அர்த்தங்களையும் தேட ஆரம்பித்தான். எதிரே சண்முகப்ரியா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆடா. உயர்ந்த குணம் உள்ளவள்னு அர்த்தம். இங்லீஷ்ல எழுதினா A, D, A."

"ஊர்ல அதை 'அடா'ன்னு படிப்பாங்க. பொண்ணைக் கூப்பிட்டா தெருவுல போற பையன்லாம் திரும்பிப் பார்ப்பான்."

"எம்மா. முழுமையானவள்."

"எம்மான்னு நான் காலையிலேர்ந்து நூறு தடவை சொல்லிட்டேன். இடுப்பு வலி."

"ஹில்டா. போர். மட்டில்டா... போர்ல வலிமை. ஹெட்விக்... இதுல முன்னாடி பாதியும் போராம், பின்னாடி பாதியும் போராம்."

"பாப்பாவுக்குப் பேர் தேடுறியா, பட்டாளத்துக்கு ஆள் எடுக்குறியா?"

"ஊஷி. கரடிக்குட்டின்னு அர்த்தம். அழகா இருக்குல்ல?"

"தடுப்பூசி போடக் கூட்டிட்டுப் போனா, யாருக்கு யாரைப் போடறாங்கன்னு எங்க அம்மா குழம்பிடுவாங்க."

முகிலன் இன்னும் கீழே போனான். "குனிகுண்டே" என்று வாசித்தவன், மேலே படிக்காமல் மடிக்கணினியை மூடினான்.

"முகில், நான் வாக்குக் கொடுத்தது ட்ரூடிக்கு. ஜெர்மனிக்கு இல்ல" என்றாள் சண்முகப்ரியா. அவள் குரல் தணிந்திருந்தது. "கொடி சுத்திக்கிட்டு இவ நீலமா இருந்தா. நீ பார்க்கல. நான் பார்த்தேன்."



ட்ரூடியிடமே பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று முகிலன் வியாழக்கிழமை பகலில் தபால்பெட்டி அருகே காத்திருந்தான். பெரிய மனசுக்காரி, புரிந்துகொள்வாள். வண்டி வந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் இறங்கி வந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"தபால் ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டேன்" என்றாள், இழுத்து இழுத்துப் பேசும் டெக்சஸ் ஆங்கிலத்தில். "நேற்று கேக் வெட்டினார்கள். என் அம்மா சர்ச்சில் எழுந்து நின்று அறிவித்துவிட்டாள். எனக்குக் குழந்தை இல்லை, தெரியுமா? என் பெயர் என்னோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன்."

முகிலன், "ஞாயிற்றுக்கிழமை பேர் வைக்கிற ஃபங்ஷன். கண்டிப்பா வரணும்" என்று சொல்லிவிட்டு, சூப்பர் மார்க்கெட் விளம்பரக் காகிதங்களை மார்போடு அணைத்தபடி வீட்டுக்குள் வந்தான்.

"சொல்லிட்டியா?"

"இன்வைட் பண்ணிட்டேன்."

திட்டக்கூடச் சண்முகப்ரியாவுக்குத் தெம்பு இல்லை.

"எல்லாப் பேருக்கும் அர்த்தம் படிச்சியே. ட்ரூடிக்கு என்ன அர்த்தம்?"

அதை மட்டும் அவன் பார்க்கவே இல்லை. பார்த்தான்.

"கெர்ட்ரூட்... 'கெர்'னா ஈட்டி, வேல். 'ட்ரூட்'னா பலம்."

"என்னது? வேலா?"

"வேல்தான்."

குழந்தை கண்ணைத் திறந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பெரிய கண்கள்.

"வேல்விழி" என்றாள் சண்முகப்ரியா.

போனில் சொன்னதும் ஈரோட்டில் இருந்து அழுகை வந்தது, ஆனந்த அழுகை. "சென்னிமலை முருகன் சாமி அது! நான் வேண்டிக்கிட்டது வீண் போகல. எங்கேயோ இருக்கற ஜெர்மனி வழியா வந்து குடுத்திருக்கான் பாரு!"

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக முகிலன் ஃபார்மை அனுப்பினான். பெரியப்பா பழைய வாழ்த்தை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ட்ரூடி சீருடை இல்லாமல், பூப்போட்ட கவுனில் வந்தாள். கையில் அவள் அம்மா பின்னிய மஞ்சள் போர்வை. முகிலன் இரண்டு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை, நெற்றி வியர்க்க ஒப்பித்தான். இது வேறு பெயர் இல்லை, உங்கள் பெயரில் உள்ள வேல்தான் இது, எங்கள் கடவுளின் கையில் இருப்பதும் அதே வேல்தான் என்றான். ட்ரூடி என்பது தமிழில் எப்படிக் கேட்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ட்ரூடி குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள். "வெல்விலி" என்று மெதுவாகச் சொன்னாள். "அப்படியென்றால் என் ஈட்டி இவளிடம்தான் இருக்கிறது."

"ஆமா" என்றாள் சண்முகப்ரியா. இருவர் கண்களிலும் நீர். முகிலன் ஐந்து நாள் கழித்து முதல்முறையாக மூச்சை நிதானமாக விட்டான். கேசரித் தட்டை எடுத்து ட்ரூடியிடம் நீட்டினான்.

"உங்களிடம் நானும் ஒரு சந்தோஷமான விஷயம் சொல்ல வேண்டும்" என்றாள் ட்ரூடி. "வியாழக்கிழமை இரவு என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. உங்கள் நினைவாக நாங்கள் ஒரு தமிழ்ப் பெயர் வைத்துவிட்டோம். ஃபார்மும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாகிவிட்டது."

முகிலனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. "அப்படியா! என்ன பேரு?"

"அன்றைக்கு அவ்வளவு வலியிலும், நீங்கள் போனை எடுக்காத ஒவ்வொரு தடவையும், ப்ரியா ஒரு பெயரைச் சொல்லி உருக்கமாகக் கூப்பிட்டாளே, அதே பெயர்தான்" என்ற ட்ரூடி, உச்சரிப்புத் தவறிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்: "ச-னி-ய-னே."