அண்ணன் வீட்டுக் கரிக்கட்டை

பெருமதிப்பிற்குரிய ஷிகெஹிரோ அண்ணாவுக்கு, தம்பி ததாயோஷி பணிவுடன் எழுதுவது.

மழை ஓய்ந்து சில்வண்டுகள் காதைத் துளைக்கும் இந்த வெயிலில் தாங்களும் அண்ணியும் நலமா? தாங்கள் அனுப்பிய தர்பூசணி உடையாமல் வந்து சேர்ந்தது. நான்தான் உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன்.

குரோஹாத்தா ஊர்ப் பையன் சோஹெயைக் கட்டிக்கொள்ளப் போவதாக என் மகள் கனாயே சொன்னதும், "நம்ம கோட்டைய எரிச்ச ஊர்ல சம்பந்தமா? ஆதாரத்தோட வா, நானே அவகிட்ட பேசறேன்" என்று போனில் கத்தினீர்களே, அதன்படி சனிக்கிழமை நம் மிசுசே கோட்டைக்குப் போனேன். இத்தனை வருஷமும் ரயில் ஜன்னலிலிருந்து பார்த்துத் தலைவணங்கியதோடு சரி, உள்ளே போனதில்லை. வாசலில் ஷூவைக் கழற்றி அடுக்கில் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். அதற்குமேல் எதுவும் புரியவில்லை அண்ணா. உள்ளே லிஃப்ட் இருக்கிறது. தீக்குள் நின்று போரிட்டு உயிர்விட்ட நம் முப்பாட்டனார் ஜின்பெய் எந்த மாடியில் நின்றார் என்று வழிகாட்டும் இவாமோட்டோ அம்மாளிடம் கேட்டேன்.

"இது எனக்கு அஞ்சு வயசுல கட்டின சிமெண்டுக் கோட்டைங்க. அதுவுமில்லாம, தீ எங்க இருந்துச்சு? எதிரிப்படை ஆத்துக்கு அந்தப் பக்கம் வந்ததுமே நம்ம பிரபு கதவைத் தொறந்து டீ குடுத்துட்டாரு. அஞ்சு வருஷம் கழிச்சு கோட்டைய ஏலம் விட்டாங்க. எடுத்தவரு பிரிச்சு, ஊர் வெந்நீர்க் குளியல் கூடத்துக்கு விறகா வித்துட்டாரு."

கண்ணாடிப் பெட்டிக்குள் ஏலப் பத்திரம். எடுத்தவர் பெயர் ஹாத்தோரி ஜின்பெய். கீழே நம் குடும்பச் சின்னம். மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்தேன். அதற்குள் என் பக்கத்தில் நின்ற குண்டு மனிதர் பொங்கினார்: "அதெப்படிங்க? நான் குரோஹாத்தா. மொதல் தீப்பந்தம் வீசினதே எங்க முப்பாட்டன்தான்! வருஷா வருஷம் படையல் போடறோம்!" அந்த அம்மாள், "இல்லாத தீய யாருங்க வெப்பாங்க?" என்றதும் அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நியாயமாக எனக்கு அவர்மேல் கோபம் வர வேண்டும், பாவமாகத்தான் இருந்தது. எதிர்க்கடைக்கு அழைத்துப்போய்க் குளிர்ந்த சோபா நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். "பையன்கிட்ட கறாரா நிக்கறதுக்கு இதத்தாங்க நம்பியிருந்தேன்" என்று அவர் கண்ணைத் துடைக்க, நானும் மனசு கேட்காமல், "வித்தது எங்க ஆளுதாங்க" என்று கொட்டிவிட்டேன்.

ஆகவே அண்ணா, கல்யாணம் கூடாது என்று தாங்கள் சொன்னது சரி, காரணம்தான் தப்பு. தாங்கள் பூஜை மாடத்தில் வைத்துத் தினமும் சோறு படைக்கும் கரிந்த உத்தரத் துண்டு குளியல் கூடத்து அடுப்பில் மிஞ்சியது. அதை உடனே ஒளித்து வையுங்கள். சொந்தக் கோட்டையை வெந்நீர் போட விற்ற வீட்டுப் பெண் என்று கனாயேவை அவர்கள் வாழ்நாளெல்லாம் குத்திக் காட்ட மாட்டார்களா? பத்து நாளாக அவள் என்னோடு பேசவில்லை, ஆனாலும் என் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைக்கிறாள். அவளிடம் முடியாது என்று சொல்லப்போவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் முன்னோர்கள், ஜின்பெய் நீங்கலாக, தங்களையும் அண்ணியையும் காப்பார்களாக.

தங்கள் தம்பி
ததாயோஷி

பி.கு.: மேலே உள்ளதை மறந்துவிடுங்கள். இதைத் தபாலில் போடக் கிளம்பினேன், வாசலில் கனாயே பேச ஆரம்பித்துவிட்டாள்: "அப்பா, இது யார் ஷூ? நான் சோஹெயோட அப்பாவுக்கு வாங்கிக் குடுத்ததாச்சே!" சனிக்கிழமையிலிருந்து ஷூ கடித்தது, கால்தான் அவமானத்தில் வீங்கியிருக்கிறது என்று நினைத்திருந்தேன். கோட்டை வாசலில் ஷூ மாறியிருக்கிறது; சோஹெயின் அப்பா அந்தக் குண்டு மனிதர்தான்! போன் செய்தால் அவர் என்னைவிடக் குழம்பிப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஷூ மாற்ற வருகிறாராம். ஷூ மாற்ற வருகிறவர் நிச்சயதார்த்த மீனும் மதுவும் எதற்குக் கொண்டுவருகிறார் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. "எரிச்சது நாங்கன்னே இருக்கட்டுமே, ரெண்டு வீட்டுக்கும் அதானே கௌரவம்?" என்கிறார். அந்தக் கரிக்கட்டையில் பாதி வேண்டுமாம், அவர்கள் மாடத்தில் வைக்க ஒன்றுமே இல்லையாம். எனவே அதை எடுத்துக்கொண்டு அவசியம் வாருங்கள். வரும்போது பழைய கோபத்தோடேயே வாருங்கள். தாங்கள் கோபப்படாவிட்டால் சம்பந்தி மனசு உடைந்துவிடுவார்.